கை பேசுது, வாய் பேச மாட்டேங்குதே!



சென்ற மாதம் நமது கூட்டமைப்புக் கூட்டம். சேமிப்பு, கடன் தவணை எல்லாம் வாசித்து முடித்து, தீர்மான நோட்டில் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். அப்போது கடைசியில் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா எழுந்து நின்றார். மகனை ஐ.டி.ஐ.யில் பிட்டர் பிரிவு படிக்க வைத்தவர். குழுவில் வாங்கிய கடனில்தான் பையனின் விடுதிச் செலவையும் துணிமணியையும் பார்த்துக்கொண்டார்.

"என் மகன் செஞ்ச வேலையை அவங்க சாரே தூக்கிக் காட்டி, இப்படிச் செய்யணும்னு மத்த பிள்ளைங்களுக்குச் சொன்னாராம். ரெண்டு கம்பெனிக்காரங்க ஆள் எடுக்க வந்தாங்க. ரெண்டுலயும் இவனை எடுக்கலை. ஏண்டா தம்பின்னு கேட்டா, 'அவங்க கேட்டது எல்லாம் எனக்குத் தெரியும்மா, வாயில வரலை'ங்கறான். குழுக் கடன்ல இன்னும் ஏழு தவணை பாக்கி கிடக்கு. இவன் டீக்கடையில கிளாஸ் கழுவிக்கிட்டு நிக்கிறான். இதுக்கு என்ன செய்யறதுன்னு யாராச்சும் சொல்லுங்க."

யாரும் சொல்லவில்லை. எங்களுக்கும் அன்றைக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அவர் உட்கார்ந்ததும் இன்னும் நாலு பேர், "எங்க வீட்டுலயும் இதே கதைதான்" என்றார்கள். ஒருவர் மகள் பாலிடெக்னிக், ஒருவர் தம்பி வெல்டர், ஒருவர் மகள் பிளஸ் டூ தொழிற்கல்விப் பிரிவு. எல்லாரும் தொழில் படித்த பிள்ளைகள். கையில் வேலை இருக்கிறது, வாயில் சொல் இல்லை.

அதனால் இந்த ஒரு மாதம் எங்கள் ஆட்கள் ஐ.டி.ஐ. ஆசிரியர்கள் சிலரைப் பார்த்தோம். படிக்கிற பிள்ளைகளோடு உட்கார்ந்தோம். தொழிற்சாலையில் மேற்பார்வை பார்க்கிற இரண்டு மூன்று பேரிடம் கேட்டோம். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

ஏன் இந்தப் பிள்ளைங்க வாய் திறக்க மாட்டேங்குது?

யார் ஐ.டி.ஐ.க்குப் போகிறார்கள் என்று நம் தெருவிலேயே பாருங்கள். பத்தாவதில் மார்க் குறைந்த பிள்ளை, எட்டாவதோடு நின்ற பிள்ளை. "உனக்குப் படிப்பு வரலை, ஒரு தொழிலாச்சும் கத்துக்கோ" என்று நாமேதான் சொல்லி அனுப்புகிறோம். பத்து வருசம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வாத்தியார் கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளப் பழகிய பிள்ளை அது. வாய் திறந்தால் தப்பு வரும், தப்பு வந்தால் சிரிப்பார்கள், ஆகவே திறக்காதே. இதுதான் அது பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட பாடம்.

அங்கிருந்து பட்டறைக்குப் போகிறது. பட்டறையில் பாடம் கண்ணுக்கும் கைக்கும்தான். "இப்படிப் பிடி, இப்படி ராவு, பாத்துக்கிட்டியா?" அவ்வளவுதான் பேச்சு. அது தவறு என்று சொல்லவில்லை. தொழில் அப்படித்தான் கைக்கு வரும். பிட்டர், எலக்ட்ரீஷியன் என்றால் இரண்டு வருசம், வெல்டர் என்றால் ஒரு வருசம். அந்தக் காலம் முழுக்க ராவி, அறுத்து, ஒயர் முறுக்கிவிட்டு, கடைசியில் ஒரு நாள் ஏ.சி. ரூமில் மூன்று பேர் எதிரில் உட்கார்ந்து, "உன்னைப் பத்திச் சொல்லுப்பா" என்றால் அந்தப் பிள்ளை எங்கே போகும்?

ஐ.டி.ஐ.யில் இதற்கென்று ஒரு பாடம் இல்லாமல் இல்லை. 'எம்ப்ளாயபிலிட்டி ஸ்கில்ஸ்' என்று பெயர். வேலைக்குத் தகுதியாக்கும் திறன்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலம், பேச்சு, கம்ப்யூட்டர், தொழிலாளர் சட்டம், பாதுகாப்பு எல்லாம் அதில் வருகிறது. நல்ல பாடம்தான். ஆனால் பரீட்சையில் நாலு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். நேர்முகத் தேர்வுக்குப் போனால் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்ற கேள்விக்குச் சரியான விடையைக் காட்டிவிட்டு மார்க்கும் வாங்கிவிடலாம். ஒரு முறைகூட வாயைத் திறந்து "வணக்கம் சார்" சொல்லிப் பார்க்க வேண்டாம்! நீச்சலைப் புத்தகத்தில் படிக்கிற மாதிரி இது. ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. ஒரு பிரிவில் இருபது பேர் அளவில் இருக்கிறார்கள். ஒவ்வொருவரையும் ஐந்து நிமிடம் பேச வைத்தாலே முழுசாக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போய்விடும். அவர்கள் செய்ய முடியாததில் கொஞ்சம் நாம் செய்ய முடியும் என்பதுதான் எங்கள் கருத்து.

இங்கிலீஷ் மட்டும்தான் காரணமா?

நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். இங்கிலீஷ் வராததால்தான் வேலை கிடைக்கலை என்று பிள்ளைகளும் சொன்னார்கள். சரி, தமிழிலேயே கேட்போம் என்று பிட்டர் படிக்கும் ஒரு தம்பியிடம், "வெர்னியர் காலிப்பர்ல எப்படி அளவு எடுக்கறதுன்னு எங்களுக்குச் சொல்லு" என்றோம்.

"இதை இப்படி வெச்சு, இப்படித் தள்ளி, இங்க பாக்கணும். அப்புறம் இதையும் இதையும் பாத்து, அதைக் கூட்டிக்கணும்" என்றான்.

கை மட்டும் அழகாகக் காட்டியது. காற்றில் காலிப்பரே தெரிந்தது! ஆனால் சொன்னதில் ஒரு பொருளுக்காவது பெயர் இருந்ததா? இது, இப்படி, இங்க, அது. கண்ணால் பார்க்காத ஆளுக்கு இது ஒன்றுமே விளங்காது. போனில் சொன்னால் அதுவும் போச்சு.

இரண்டாம் முறை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்லச் சொன்னோம். திணறினான். வேர்த்தது. அரை மணி நேரம் கழித்து அவன் சொன்னது இது: "அளக்க வேண்டிய பொருளை ரெண்டு தாடைக்கும் நடுவுல வெச்சு, தாடையை நகர்த்தி மெல்ல ஒட்டவிடணும். வெர்னியர் அளவுகோல்ல சைபர் கோடு, மெயின் அளவுகோல்ல எதைத் தாண்டியிருக்குன்னு பாக்கணும். 24 மில்லிமீட்டரைத் தாண்டியிருக்குன்னு வெச்சுக்குவோம். அப்புறம் வெர்னியர்ல எந்தக் கோடு மேல இருக்கிற கோட்டோட நேரா ஒட்டி நிக்குதுன்னு பாக்கணும். 13-ஆவது கோடுன்னா, இந்தக் காலிப்பருக்கு ஒரு கோட்டுக்கு 0.02 மில்லிமீட்டர், 13-ஐ அதால பெருக்கினா 0.26. ரெண்டையும் கூட்டினா 24.26 மில்லிமீட்டர்."

அவனே ஆச்சரியப்பட்டான். "இவ்வளவு தெரியுமா எனக்கு?" என்று கேட்டான். தெரியும், எல்லாம் தெரியும். சொல்லிப் பார்த்ததே இல்லை. இதில் இங்கிலீஷ் எங்கே வந்தது? முதலில் தமிழில் முழு வாக்கியமாகச் சொல்ல வர வேண்டும். அது வந்த பிள்ளைக்கு மற்றது தானே வரும் என்று சொல்ல மாட்டோம். ஆனால் அது வராத பிள்ளைக்கு எந்த மொழியிலும் வராது.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரே பொருளுக்கு ரெண்டு மூணு பேர். நம்ம ஊர்ப் பட்டறையில் மரை என்பார்கள், வரைபடத்தில் 'த்ரெட்' என்று எழுதியிருக்கும். அரம் என்றால் 'பைல்'. திருப்புளி என்றால் 'ஸ்க்ரூ டிரைவர்'. குறடு என்றால் 'பிளையர்'. வயசான மேஸ்திரி மரை என்பார், நேற்று வந்த இன்ஜினீயர் த்ரெட் என்பார், நடுவில் நிற்கிற பிள்ளைக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நோட்டில் கோடு போட்டு, இந்தப் பக்கம் ஊர்ப்பேர், அந்தப் பக்கம் புத்தகப்பேர் என்று எழுதி வரச் சொல்லுங்கள். தொழில் பாடப் புத்தகங்களைத் தயாரிப்பதற்கென்றே சென்னை கிண்டியில் 1986-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம் ஒன்று இருக்கிறது. 'நிமி' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அந்தப் புத்தகங்கள் இங்கிலீஷிலும் வருகின்றன, பல பிரிவுகளுக்குத் தமிழிலும் வருகின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் பாதி இங்கிலீஷ் வேலை அங்கேயே முடியும். நூலகத்தில் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள்.

"புரியலை சார்" என்று சொல்லாததால் வந்த வினை

வேலை கிடைக்காமல் போவது ஒரு நஷ்டம். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. நம் கூட்டமைப்பில் ஒரு உறுப்பினரின் மகன், எலக்ட்ரீஷியன் முடித்து ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தான். சேர்ந்த இரண்டாம் வாரம் மேலாளர், "லைனை ஐசோலேட் பண்ணிட்டு வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இவன் தலையை ஆட்டினான். ஐசோலேட் என்றால் ஆஃப் பண்ணுவது என்று நினைத்துக்கொண்டு பக்கத்துச் சுவிட்சை மட்டும் ஆஃப் பண்ணினான். அங்கே இன்னொரு வழியாகக் கரண்டு வந்துகொண்டிருந்தது. உள்ளங்கை வெந்துபோய் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். உயிர் பிழைத்தது கடவுள் புண்ணியம் என்று அவன் அம்மா சொல்லிச் சொல்லி அழுதார்.

ஐசோலேட் என்றால் வெறும் சுவிட்ச் ஆஃப் இல்லை. கரண்டு வருகிற எல்லா வழியையும் பிரித்துவிடுவது. மெயினை இறக்கணும், ப்யூஸ் கட்டையைப் பிடுங்கணும், வேறு யாரும் ஏற்றிவிடாமல் பூட்டுப் போட்டு, 'ஆள் வேலை செய்கிறார், போடாதே' என்று அட்டை மாட்டணும், டெஸ்டர் வைத்துக் கரண்டு இல்லை என்று பார்க்கணும். அதற்குப் பிறகுதான் கை வைக்கணும். இது அந்தப் பையனுக்குப் பாடத்தில் நடத்தியதுதான். அந்த ஒரு சொல்லுக்கும் இந்த வேலைக்கும் முடிச்சுப் போட அந்த நிமிடத்தில் முடியவில்லை. "சார், புரியலை" என்று கேட்கவும் வாய் வரவில்லை. "கேட்டா, இதுகூடத் தெரியாமலா சேர்ந்தேன்னு சொல்வாங்கன்னு பயந்தேன்" என்கிறான்.

தப்பு அவன்மேல் மட்டும் இல்லை. இரண்டு வாரம் ஆன பையனைத் தனியாக விட்டுவிட்டுப் போனவர் மேலும் உண்டு. ஆனால் அவரை நாம் திருத்த முடியாது, நம் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க முடியும்.

என்ன சொல்லிக்கொடுக்க? பேங்கில் பணம் வாங்கினால் நாம் என்ன செய்கிறோம்? கவுண்டரிலேயே எண்ணி, "இருபதாயிரம் சரியா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுத்தானே நகர்கிறோம்? அதேதான். வேலை சொன்னால் அதை நம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். "சார், மெயினை இறக்கி, ப்யூஸ் கட்டையைக் கையில எடுத்துக்கிட்டு, டெஸ்டர் வெச்சுப் பாத்துட்டு ஆரம்பிக்கறேன். சரிங்களா?" அவ்வளவுதான். தப்பாகப் புரிந்திருந்தால் அங்கேயே தெரிந்துபோகும். டாக்டர் போனில் மருந்து சொன்னால் நர்ஸ் அதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்வதும் இந்த முறைதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சொன்னதைத் திருப்பிச் சொல்கிற ஆளைத்தான் எங்களுக்குப் பிடிக்கும் என்று நாங்கள் பேசிய ஒரு மேற்பார்வையாளரே சொன்னார்.

நாம எப்படிப் பேசக் கத்துக்கிட்டோம்?

இதை யோசித்தபோதுதான் எங்களுக்கு ஒரு விஷயம் உறைத்தது. நம்மில் எத்தனை பேர் முதல் கூட்டத்தில் பேர் சொன்னோம்? பேரைச் சொல்லச் சொன்னால் தரையைப் பார்த்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரி சொல்லட்டும் என்று இருந்தோம். வீட்டுக்காரர் பேரைச் சொல்ல மாட்டோம் என்றோம். இன்று பேங்க் மேனேஜர் முன்னால் உட்கார்ந்து, "எங்க கிரெடிட் லிங்கேஜ் ஏன் தாமதம்?" என்று கேட்கிறோம். நமக்கு யாராவது 'கம்யூனிகேஷன் வகுப்பு' எடுத்தார்களா?

தமிழ்நாட்டில் 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அரசு குழுக்களை ஆரம்பித்த காலத்திலிருந்து ஒரே முறைதான். வட்டமாக உட்கார வேண்டும், குறிப்பிட்ட நாளில் கூட வேண்டும், ஒருத்தர் மாற்றி ஒருத்தர் பேச வேண்டும், போன கூட்டத் தீர்மானத்தை ஒருத்தர் சத்தமாக வாசிக்க வேண்டும். தப்பாக வாசித்தாலும் யாரும் சிரிக்கக்கூடாது. சிரித்தால் அபராதம் போட்ட குழுவும் நமக்குத் தெரியும்! பேசுகிற விஷயமும் நம் சொந்தப் பணம், நம் சொந்தக் கடன். அதனால் பேசாமல் இருக்க முடியவில்லை. அப்படித்தான் நாக்கு பழகியது. பிள்ளைகளுக்கு மட்டும் வேறு வழி எங்கே இருக்கப்போகிறது?

வீட்டில் ராத்திரி பத்து நிமிசம்

"எனக்கு அவன் படிப்பைப் பத்தி ஒண்ணும் தெரியாதே, நான் எப்படிச் சொல்லிக்கொடுக்க?" என்று கேட்பீர்கள். உங்களுக்குத் தெரியாது என்பதுதான் இங்கே வசதி. தெரிந்த ஆளிடம் பாதி சொன்னால் போதும், மீதியை அவர் புரிந்துகொள்வார். தெரியாத ஆளுக்குத்தான் முழுசாகச் சொல்ல வேண்டும். நேர்முகத்தில் வேண்டியது அந்தப் பழக்கம்தான். எங்கள் உறுப்பினர் ஒருவர் வீட்டில் நடந்ததை அவர் சொன்னபடியே தருகிறோம்.

"இன்னிக்கு என்னய்யா செஞ்ச?"

"வெல்டிங்."

"வெல்டிங்னா என்ன செஞ்ச? மொதல்ல என்ன எடுத்த?"

"ரெண்டு பிளேட்டு."

"அது எதுக்கு?"

"ஒட்டறதுக்குத்தான். வேற எதுக்கு? உனக்கு இதெல்லாம் எதுக்கும்மா?"

"சும்மா சொல்லேன். ஒட்டறதுக்கு முன்னாடி கழுவணுமா?"

"கழுவ மாட்டாங்க. துருவும் எண்ணெயும் இல்லாம கம்பி பிரஷ்ஷால தேய்க்கணும். இல்லேன்னா ஒட்டுற இடத்துல ஓட்டை ஓட்டையா வந்துரும்."

பாருங்கள், நாலாவது கேள்வியில் ஒரு முழு பதில் வந்துவிட்டது. "கழுவணுமா?" என்று அம்மா தப்பாகக் கேட்டதுதான் அவனைப் பேச வைத்தது. முதல் ரெண்டு மூன்று நாள் எரிந்து விழும். விட்டுவிடாதீர்கள். மொதல்ல என்ன செஞ்ச, அது எதுக்கு, அதைச் செய்யாட்டி என்ன ஆகும். இந்த மூன்று கேள்வி போதும். கையைக் காட்டாமல் சொல்லச் சொல்லுங்கள். தப்பைத் திருத்த வேண்டாம், நடுவில் குறுக்கிட வேண்டாம், மாமா வீட்டுப் பையன் எப்படிப் பேசறான் பார் என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

செல்போன் இருந்தால் அவன் பேசுவதை அவனே பதிவு செய்து கேட்கட்டும். தன் குரலைத் தானே கேட்கும்போது எங்கே இழுக்கிறோம், எங்கே முழுங்குகிறோம் என்று தெரியும். அதைச் சொந்தக்காரர்களுக்குப் போட்டுக் காட்டாதீர்கள், அன்றோடு வாய் மூடிவிடும்.

திக்கிப் பேசுகிற பிள்ளை என்றால் விஷயம் வேறு. அது பயமோ சோம்பேறித்தனமோ இல்லை. வார்த்தையை நீங்கள் முடித்துக் கொடுக்காமல் பொறுமையாகக் கேளுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பேச்சுப் பயிற்சி பற்றிக் கேளுங்கள்.

பொம்பளைப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் பார்த்த பெண் பிள்ளைகள் பையன்களைவிட நன்றாக எழுதுகிறார்கள், ரெக்கார்டு நோட்டு முத்து முத்தாக இருக்கிறது. ஆனால் எதிரில் இருக்கிற ஆளுக்குக் கேட்கிற மாதிரி பேச வரவில்லை. ஏன் வரவில்லை? "பொம்பளைப் பிள்ளை என்ன சத்தம்" என்று பத்து வயசிலேயே நாம் அடைத்துவிட்ட குரல் அது. வீட்டில் மெதுவாகப் பேசு என்று வளர்த்துவிட்டு, கம்பெனியில் ஏன் எடுக்கவில்லை என்று கேட்கிறோம். இதைப் பெரியவர்கள் கூட்டத்தில் பேச வேண்டும், மறுபடி எழுதுவோம்.

மோட்டார் ஓடலைன்னு சொன்னா போதுமா?

நம் கிணற்று மோட்டார் கெட்டுப்போனால் எலக்ட்ரீஷியனுக்குப் போன் போடுகிறோம். "மோட்டார் ஓடலைங்க." அவர் வந்து பார்க்கிறார், சாமான் இல்லை என்று திரும்பிப் போகிறார், மறுநாள் வருகிறார். பயிர் காய்கிறது. அதையே, "காலைல ஆறு மணிக்குப் போட்டேன். உர்ர்னு உறுமுது, சுத்த மாட்டேங்குது. நேத்து ராத்திரி ஓடிச்சு. உடனே ஆஃப் பண்ணிட்டேன்" என்று சொல்லிப் பாருங்கள். ஒத்தை பேஸ் மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் கண்டன்சர் போயிருக்கலாம், மூணு பேஸ் என்றால் ஒரு பேஸ் வராமல் இருக்கலாம் என்று அவருக்குப் பாதி புரிந்துவிடும். வேண்டியதைக் கையோடு எடுத்து வருவார்.

தொழிற்சாலையிலும் பழுதைச் சொல்வது இப்படித்தான். எந்த மிஷின், எப்போது, என்ன பார்த்தேன், என்ன செய்தேன். இந்த நாலையும் முதலில் வாயால் சொல்லவும் பிறகு நாலு வரியில் எழுதவும் வந்துவிட்டால், அந்தப் பிள்ளை மற்றவர்களைவிட ஒரு படி மேலே நிற்கும். லீவு சொல்வதும் இதில் சேரும். வராமலே இருந்துவிட்டு மறுநாள் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பதால்தான் பாதிப் பிள்ளைகளை நிறுத்திவிடுகிறார்கள் என்று மேற்பார்வையாளர்கள் சொல்கிறார்கள். வேலைக்கு முன்னால் போன் போட்டு, பேர், பிரிவு, என்ன காரணம், எப்போது வருவேன் என்று சொன்னால் போதும். இதையும் வீட்டில் சொல்லிப் பார்க்க வேண்டும்.

நேர்முகத்துக்கு வருவோம். "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்ற கேள்வி அநேகமாக எல்லா இடத்திலும் வருகிறது. பிள்ளைகள் பேர், அப்பா பேர், அம்மா பேர், எத்தனை அண்ணன் தம்பி என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடுகிறார்கள். கேட்பவருக்கு வேண்டியது குடும்ப அட்டை இல்லை. பேர், ஊர், எங்கே என்ன படிப்பு முடித்தேன் என்று மூன்று வரி. பிறகு, நானே செய்த ஒரு வேலை. "ரெண்டாம் வருசம் ஆணும் பெண்ணுமா பொருந்துற ஒரு சதுர பிட்டிங் செஞ்சேன். மொதல் தடவை இடைவெளி அதிகமாயிருச்சு. திரும்பச் செஞ்சு சரி பண்ணினேன்." இப்படி ஒரு தப்பையும் அதைச் சரி செய்ததையும் சொன்னால், அடுத்த கேள்வி அதிலிருந்துதான் வரும். அது அவனுக்குத் தெரிந்த இடம். தெரியாத கேள்வி வந்தால் முழிக்க வேண்டாம், "தெரியலை சார், கத்துக்கறேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லலாம்.

இங்கிலீஷ் வேண்டவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஓசூர், கோயம்புத்தூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால் பக்கத்து மிஷினில் நிற்பவர் பீகார்க்காரராகவோ ஒடிசாக்காரராகவோ இருக்கலாம். மிஷின் மேல் ஒட்டியிருக்கிற எச்சரிக்கையும் இங்கிலீஷில் இருக்கலாம். அதனால் முதலில் வேண்டியது தொழில் இங்கிலீஷ். எச்சரிக்கைப் பலகை வார்த்தைகள், அளவுகள், சாமான் பெயர்கள். அதோடு நாலைந்து வாக்கியம் உருப்போடாமல் பழகினால் போதும். "ப்ளீஸ் சே இட் அகெய்ன்", "ஐ டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட்", "ஐ வில் செக் அண்ட் டெல் யூ". இந்த மூன்றும் ஆபத்து சமயத்தில் கைகொடுக்கிற வாக்கியங்கள்.

ஆனால் '30 நாளில் சரளமாக இங்கிலீஷ்' என்று பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருக்கும் நோட்டீஸை நம்பிக் கடன் வாங்காதீர்கள். நம் உறுப்பினர் ஒருவர் உள்கடன் ஆறாயிரம் எடுத்துக் கட்டினார். ஒரு அறையில் அறுபது பேரை உட்கார வைத்து இலக்கணம் எழுதிப் போட்டார்களாம். பிள்ளை ஒரு நாளும் வாய் திறக்கவில்லை, பணமும் திரும்பவில்லை. சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் வகுப்பைப் போய்ப் பாருங்கள். பேசுவது வாத்தியாரா, பிள்ளைகளா என்று கவனியுங்கள். வாத்தியார் மட்டும் பேசினால் திரும்பி வந்துவிடுங்கள்.

பணம் கட்டாமல் கிடைப்பதை முதலில் விசாரியுங்கள். தமிழக அரசு 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்குத் திறன் பயிற்சிகள் சேர்க்கப்பட்டன. உங்கள் பிள்ளை படிக்கும் இடத்தில் இப்போது என்ன வகுப்பு நடக்கிறது என்று நேரில் கேளுங்கள். கிராமத்து இளைஞர்களுக்காக 2014-இல் மத்திய அரசு கொண்டுவந்த தீன்தயாள் உபாத்யாயா கிராமின் கௌசல்யா யோஜனா பயிற்சியில் தொழிலோடு பேச்சுப் பழக்கமும் அடிப்படை இங்கிலீஷும் கம்ப்யூட்டரும் சேர்த்தே வைக்கப்பட்டன. சுயதொழில் செய்ய நினைக்கிற பிள்ளைகளுக்கு வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன, பயிற்சி இலவசம். விவரம் நம் வட்டார மகளிர் திட்ட அலுவலகத்தில் கேட்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தோம்?

சும்மா எழுதுவதோடு நிறுத்தவில்லை. நாலு ஞாயிறு சமுதாயக் கூடத்தில் பிள்ளைகளை வரச் சொன்னோம். முதல் வாரம் பதினொரு பேர் வந்தார்கள். வட்டமாக உட்கார வைத்து, நம் குழுக் கூட்டம் மாதிரியே நடத்தினோம். ஒருத்தர் பேப்பரில் ஒரு செய்தியைச் சத்தமாக வாசிக்கணும், அடுத்தவர் பார்க்காமல் அதைத் தன் வார்த்தையில் சொல்லணும்.

தொழில்முனைவோர் பயிற்சிகளில் நடத்துகிற ஒரு விளையாட்டையும் வைத்தோம். ஒருத்தருக்குக் கண்ணைக் கட்டிவிட்டு, மரக்கட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கச் சொல்ல வேண்டும். கட்டை கிடைக்காததால் தீப்பெட்டிகளை வைத்துக்கொண்டோம். பக்கத்தில் இருப்பவர் தொடாமல் வாயால் மட்டும் வழி சொல்ல வேண்டும். "இங்க வை, இங்க வைடா" என்று கத்தினால் அடுக்கு சரிந்துவிடும். "வலது பக்கம் ஒரு விரக்கடை நகர்த்து, நிறுத்து, இப்போ கீழ இறக்கு" என்றால் நிற்கும். ஒரு மணி நேரத்தில் பிள்ளைகளுக்குப் புரிந்தது, நாங்கள் ஒரு வார்த்தையும் விளக்கவில்லை. ஒரு பெண் பிள்ளை வழி சொல்லி ஒன்பது பெட்டி அடுக்க வைத்தாள். அவள் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று அவள் அம்மாவுக்கே தெரியாது.

எல்லாம் நன்றாக நடந்தது என்று சொன்னால் பொய். மூன்றாம் வாரம் நாலு பேர் வரவில்லை. ஒருத்தன், "இதெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஒரு பிள்ளை வந்தும் இன்னும் பேசவில்லை. கட்டாயப்படுத்தாமல் தீப்பெட்டி எண்ணும் வேலையைக் கொடுத்திருக்கிறோம். டீக்கடையில் நிற்கிறான் என்று சொன்னோமே, அந்தப் பிட்டர் தம்பி நாலு வாரமும் வந்தான். வெர்னியர் அளவை கையைக் கட்டிக்கொண்டு சொன்னது அவன்தான். அடுத்த மாதம் ஒரு அப்ரண்டிஸ் தேர்வுக்குப் போகிறான். கிடைக்குமா என்று தெரியாது. அவன் அம்மா தவணை ஒன்று கட்டியிருக்கிறார், ஆறு பாக்கி.

வருகிற ஞாயிறு காலை 10 மணிக்கு மறுபடி கூடுகிறோம். எந்தத் தொழில் படிக்கிற பிள்ளையானாலும் அனுப்பலாம், ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், தையல், நர்சிங் உதவியாளர், யாராக இருந்தாலும் சரி. ரெக்கார்டு நோட்டும், தான் செய்த பொருள் ஏதாவது ஒன்றும் எடுத்துவரச் சொல்லுங்கள். காலித் தீப்பெட்டி இருந்தால் அதையும் கொடுத்துவிடுங்கள், முப்பதுக்கு மேல் தேவைப்படுகிறது.